மறைக்காமல் சொல்லுங்கள்

கட்டுகஸ்தோட்டையிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி, கண்டிக்கும் பேராதனைக்கும் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் மிஸிமார் இருக்கிறார்கள். இன்றைய தகவல் அவர்களுக்கு.

நல்ல தாதிக்கும் பிழை நேரும். பொட்டாசியம் குளோரைட் என்றொரு மருந்து. செறிவாக, நேரே இரத்த நாளத்தில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதன் குப்பி சாதாரண மருந்துக் குப்பியைப் போலவே இருந்ததால், பல நாடுகளில் மாறிப்போய் உயிர்கள் போயின. நடந்ததை வெளியே சொன்னார்கள். அதனால்தான் பல ஆஸ்பத்திரிகளில் அந்த மருந்தைச் சாதாரண வாட்டு அலுமாரியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். சொன்னதால்தான்!

பிழையைச் சொன்னவரைத் தண்டித்தால் என்ன ஆகும்? கிளாஸை உடைத்த பிள்ளையை அடித்துப் பாருங்கள். அடுத்த முறை துண்டுகளை ஒளித்துவைக்கும். அவை இன்னொருவர் காலில் குத்தும்.

பிழை நடந்தால் முதலில் நோயாளியைக் கவனியுங்கள். உடனே டொக்டரிடமும் பொறுப்புத் தாதியிடமும் சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடி, நேரத்தோடு எழுதிவையுங்கள். நோயாளிக்கும் உண்மை தெரியவேண்டும். மறைக்காமல் சொல்லுங்கள்.

பிழை விட்டவரின் மனமும் நொறுங்கிப்போகும். நோயாளிக்கு அடுத்தபடியாக அடிபடுவது அவர்தான் என்று, அல்பர்ட் வூ என்ற அமெரிக்க மருத்துவர் 2000ஆம் ஆண்டிலேயே எழுதினார். தூக்கம் போகும். மறுநாள் ஊசியைத் தொடவே கை நடுங்கும். அந்த நேரத்தில் அவரைத் தனியே விடுவது பெரிய அநியாயம்.

வாட்டுக்குப் பொறுப்பாக இருப்பவர்களே, "யார் செய்தது?" என்று கேட்குமுன், "எப்படி நடந்தது?" என்று கேளுங்கள். ஒரு கோப்பை தேநீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.