பழைய மரம், புதிய அலமாரி

(நிர்வாகப் பயிற்சி பெறும் அலுவலர்களிடையே ஆற்றிய உரை)

சிறியதாகத் தோன்றும் ஒரு பொருளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் முன்பு பணியாற்றிய அலுவலகம் ஒன்றின் பின்தாழ்வாரத்தில் கால் ஒடிந்த தேக்கு மேசைகளும் நாற்காலிகளும் குவிந்து கிடந்தன. ஏலம் விடும் நாளை எதிர்நோக்கி மூன்று மழைக்காலங்களை அவை கழித்தன. அதே கட்டடத்தின் உள்ளே அலமாரி போதாமையால் பதிவேடுகள் தரையில் அடுக்கப்பட்டிருந்தன. கடைநிலை ஊழியர் ஒருவர் ஓய்வு பெற்றபோது அவருடைய பணிப்பதிவேட்டைத் தேடி எடுத்தோம். அதில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. பழைய சம்பளப் பட்டியல்களைக் கொண்டு அவருடைய பணிக்காலத்தை மீண்டும் நிறுவுவதற்கு ஓராண்டுக்கு மேலாயிற்று. அதுவரை அவர் ஓய்வூதியமின்றி இருந்தார். வெளியே மரம் வீணாயிற்று. உள்ளே மரமின்மையால் ஒரு குடும்பம் துன்புற்றது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்க எங்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லை. என்னையும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

நாட்டின் மர வளம் எல்லையற்றதன்று. 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடும் மரங்களுமாக இருக்க வேண்டுமென்று குறிக்கோள் வகுத்தது. 2023-ஆம் ஆண்டின் வன நிலை அறிக்கையின்படி இது 25.17 விழுக்காடு. மத்தியப் பொதுப்பணித் துறை 1993-இல் தன் கட்டடங்களில் மரத்தைப் பயன்படுத்தத் தடை விதித்தது; அத்தடை 2020-இல்தான் நீங்கிற்று. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். பழைய மேசை அடுப்பில் எரிந்தால் அக்கரிமம் காற்றில் கலக்கிறது. அலமாரியாக மாறினால் இன்னும் பல்லாண்டுகள் மரத்திலேயே தங்குகிறது.

பழைய மரத்துக்குத் தனிச் சிறப்பொன்று உண்டு. பல்லாண்டு உலர்ந்து பதப்பட்டுவிட்டதால் அது புது மரத்தைப் போல எளிதில் முறுக்கிக்கொள்வதில்லை. முற்றிய தேக்கின் வைரப் பகுதியிலுள்ள இயற்கைப் பொருள்கள் கரையானை எதிர்க்கின்றன. இன்று மலிவாகக் கிடைக்கும் மரத்தூள் பலகையோ ஈரம் பட்டதும் உப்பிவிடுகிறது.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதற்படி, தரம் பிரித்தல். உளியின் முனையால் மரத்தைக் குத்திப் பார்க்க வேண்டும். முனை எளிதாக உள்ளே இறங்கினாலும், சிறு துளைகளிலிருந்து மாவு போன்ற தூள் உதிர்ந்தாலும் அது உளுத்த மரம்; அதை ஒதுக்கிவிடுவதே நன்று. ஒரே ஓர் உளுத்த பலகை அலமாரி முழுவதையும் கெடுத்துவிடும். ஐயத்துக்கு இடமான பகுதிகளுக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசி, நன்கு உலர்த்திய பின்னரே எடுத்தாள வேண்டும்.

இரண்டாவது, பிரித்தெடுத்தல். சம்மட்டியால் அடித்து உடைப்பது தச்சர் வழக்கமன்று. பழைய மேசைகள் பலவும் துளையும் கழுந்துமாகப் பூட்டி, வச்சிரப் பசையிட்டுச் செய்யப்பட்டவை. வெந்நீரில் நனைத்த துணியை மூட்டில் சுற்றிவைத்தால் வச்சிரம் இளகும். பின்பு மரச் சுத்தியால் மெல்லத் தட்டினால் மூட்டு பிரியும். முளை அடிக்கப்பட்டிருந்தால் அதை முதலில் நீக்க வேண்டும். மறைந்திருக்கும் ஆணி ஒன்று இழைப்புளியின் அலகைக் கெடுத்துவிடும். ஆகவே இழைப்பதற்கு முன் ஆணிகள் அனைத்தையும் பிடுங்குதல் இன்றியமையாதது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பூச்சுகளில் ஈயத்தை 90 பிபிஎம் அளவுக்குள் கட்டுப்படுத்தும் விதிகள் 2016-இல்தான் வகுக்கப்பட்டன. அதற்கு முற்பட்ட பூச்சை உலர்ந்த நிலையில் உப்புத்தாளிட்டுத் தேய்த்தால் எழும் தூசி, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, நஞ்சாகும். ஈரப்படுத்திச் சுரண்டி, சுரண்டியதைத் திரட்டி அப்புறப்படுத்த வேண்டும். பள்ளி வளாகத்தில் மாணவர் இருக்கும்போது இவ்வேலையைச் செய்யலாகாது.

மூன்றாவது, சேர்த்தல். மேசையின் மேற்பலகை அலமாரித் தட்டாகும். பெஞ்சுகளின் நீண்ட சட்டங்கள் நிலைக்கால்களாகும். பழைய கதவு பக்கப்பலகையாகும். இழுப்பறைகள் சிதையாதிருந்தால் அப்படியே பொருத்தி, வரைபடங்களையும் அட்டைகளையும் வைத்துக்கொள்ளலாம். தட்டின் நீளத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஒரு மீட்டர் நீளத்துக்கு அடுக்கிய நூல்கள் 20 முதல் 30 கிலோகிராம் வரை எடையுள்ளவை. ஒரே சீராகப் பாரம் ஏற்றிய பலகையில், தாங்கல்களுக்கு இடைப்பட்ட நீளம் இரு மடங்கானால் தொய்வு 16 மடங்காகும். எனவே 2.5 சென்டிமீட்டர் கனமுள்ள பலகையை 90 சென்டிமீட்டருக்கு மேல் தாங்கலின்றி விடாதிருப்பது நலம். அடித்தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்தும், பின்புறம் சுவரிலிருந்து சற்று விலகியும் இருந்தால் ஈரமும் கரையானும் அண்டா; அண்டினாலும் உடனே கண்ணில் படும். உயரமான அலமாரியின் மேற்பகுதியைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைத்துவிட வேண்டும். ஏறி விளையாடும் சிறுவர் மீது அது சாயக்கூடும்.

விதிகள் இதற்கு இடந்தருமா என்று நீங்கள் கேட்கலாம். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், அலுவலகத்துக்குப் பயன்படாத பொருளையே கழிவெனவோ உபரியெனவோ அறிவிக்கச் சொல்கின்றன. மதிப்பு இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டால் விளம்பர ஒப்பந்தப்புள்ளி அல்லது பொது ஏலம் வேண்டும். கவனக்குறைவால் பொருள் கெட்டிருந்தால் பொறுப்பு நிர்ணயிக்கப்பட வேண்டுமென்றும் அவை கூறுகின்றன. ஆக, ‘இது உண்மையிலேயே பயனற்றதா?’ என்னும் வினாவை ஏலத்துக்கு முன்பே எழுப்புவது விதிக்கு முரணன்று. விதி வேண்டுவதே அது. மாநில அலுவலகங்கள் தத்தம் விதிகளைப் பின்பற்ற வேண்டும். எங்கே ஆயினும் எழுத்து மூலமான அனுமதி பெற்று, பிரித்த பொருள்களின் எண்ணிக்கையையும் உருவான அலமாரியையும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். நல்ல எண்ணம் தணிக்கைக்கு விடையாகாது; பதிவேடே விடையாகும். 2021 முதல் அக்டோபர்த் திங்களில் நடைபெற்றுவரும் தூய்மைச் சிறப்பு இயக்கம் இக்கணக்கெடுப்புக்கு ஏற்ற தருணம்.

இது எப்போதும் மலிவு என்று நான் கூறமாட்டேன். பொருளுக்கு ஆகும் செலவு குறையும், கூலி கூடும். ஆனால் அக்கூலி உள்ளூர்த் தச்சருக்குச் செல்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கப்பெற்ற பிரதமர் விஸ்வகர்மா திட்டம், தச்சு உள்ளிட்ட 18 தொழில்களில் ஈடுபட்டோருக்குப் பயிற்சியும், கருவிகளுக்கு 15,000 ரூபாயும், இரு தவணைகளில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும் பெற வகை செய்தது. கருவி பெற்றவருக்கு அடுத்த தேவை வேலை. குஜராத்தின் அலங்கில் உடைக்கப்படும் கப்பல்களின் மரச்சாமான்களும், காரைக்குடியில் பழைய வீடுகளின் கதவுகளும் தூண்களும் கடைகளாகவே வளர்ந்து பலருக்குப் பிழைப்பளிக்கின்றன. அரசின் தாழ்வாரங்களிலும் அவ்வாறான செல்வம் கிடக்கிறது.

நண்பர்களே, நீங்கள் பொறுப்பேற்கும் அலுவலகத்தில் முதல் வாரத்திலேயே இரண்டு இடங்களைப் பாருங்கள்: பின்தாழ்வாரம் ஒன்று, பதிவறையின் தரை மற்றொன்று. முன்னதில் மரமும் பின்னதில் கோப்புகளும் கிடக்குமாயின், ஒரு தச்சரை அழையுங்கள். தரையில் கிடக்கும் ஒவ்வொரு கோப்பின் பின்னும் ஒருவர் காத்திருக்கிறார்.