அடுத்த வீட்டு விவகாரமா?





ஒரு நாடு தன் மக்களை நடத்தும் விதத்தைப் பற்றி வெளியார் பேசலாமா? இந்தக் கேள்வியில் நாம் இரண்டு பக்கமும் நின்றவர்கள்.

2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூரில் இண்ட்ராஃப் பேரணி நடந்தது. கண்ணீர்ப் புகை அடங்கியதும், தமிழக முதல்வர் கலைஞர் கருணாநிதி மலேசியத் தமிழர்களுக்காக இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்குக்குக் கடிதம் எழுதினார். இது அவருக்குச் சம்பந்தமில்லாத விஷயம், தம் மாநிலத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் நம் அமைச்சர் நஸ்ரி அஸிஸ் பதில் கொடுத்தார். உண்மையைச் சொன்னால், அன்று நம்மில் பலர் அமைச்சர் பக்கமே தலையாட்டினோம். நம் வீட்டு விவகாரத்தில் சென்னைக்கு என்ன வேலை என்று கேட்டோம்.

2016 டிசம்பர் 4-இல் பிரதமர் நஜிப் தித்திவங்சா அரங்கில் ரோஹிங்கியா மக்களுக்காகக் குரல் கொடுத்தார். ஆசியானில் ஒருவர் உள்விவகாரத்தில் மற்றவர் தலையிடக் கூடாதே என்றது மியன்மார். நஸ்ரி சொன்ன அதே பதில்தான்! ஆனால் இம்முறை நாம் அதை ஏற்கவில்லை. (அந்த ஆசியானின் சாசனம், இண்ட்ராஃப் பேரணிக்கு ஐந்தே நாள் முன் சிங்கப்பூரில் கையெழுத்தானது. தலையிடாமையும் அதில் உண்டு, மனித உரிமையும் உண்டு.)

2019 செப்டம்பரில் துன் மகாதீர் ஐ.நா. சபையில் காஷ்மீரைப் பற்றிப் பேசினார். டிசம்பரில் இந்தியாவின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் குறை கூறினார். 2020 ஜனவரியில் இந்தியா, சுத்திகரித்த செம்பனை எண்ணெய் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. இன்ன காரணம் என்று சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்தது. சுற்றிலும் செம்பனைத் தோட்டம், இராமநாதபுரத்திலும் நாகப்பட்டினத்திலும் சொந்தபந்தம். மத்தளத்துக்கு இருபுறமும் அடி என்பார்களே, அதுதான் நம் நிலை.

அதற்காக வாய்மூடி இருந்திருக்க வேண்டுமா? 1960-இல் ஷார்ப்வில்லில் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, துங்கு அப்துல் ரஹ்மான் லண்டன் காமன்வெல்த் மாநாட்டில் தென்னாப்பிரிக்காவின் நிறவெறியைக் கண்டித்தார். நாம் சுதந்திரம் பெற்று மூன்று ஆண்டுகூட நிறையவில்லை. எங்கள் உள்விவகாரம் என்றே அவர்களும் சொன்னார்கள். மறு ஆண்டே தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தை விட்டு வெளியேறியது. அங்கே எல்லா மக்களும் வாக்களிக்க 1994 வரை ஆனது.

பேசலாம், பேசத்தான் வேண்டும் என்பதே நம் எண்ணம். ஆனால் நமக்கே எதிரானாலும் நீதிக்குச் சாட்சி நிற்கச் சொல்கிறது நம் மார்க்கம். 2020 ஏப்ரலில் ஏறத்தாழ 200 ரோஹிங்கியா மக்கள் இருந்த படகை நம் கடற்படை திருப்பி அனுப்பியது. தொற்று நோயைக் காரணம் சொன்னோம். தித்திவங்சாவில் கண்ணீர் விட்ட நாடுதான் அது. அகதிகளுக்கான 1951 ஒப்பந்தத்தில் நம் நாடு இன்னும் சேரவில்லை. இதை ஒரு வெளியார் கேட்டால், உன் வேலையைப் பார் என்று எந்த முகத்தோடு சொல்வோம்?

கலைஞர் கடிதம் எழுதிய அன்று நாம் ஆட்டிய தலையை நினைத்தால், இப்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.