ஊட்டத் தெரிந்தால் போதுமா?

(தலைப்பு: ‘வளர்ப்புக்குப் பெரிதும் தேவை பாசமா? பக்குவமா?’ ‘பக்குவமே’ அணியின் இரண்டாவது பேச்சு)



எனக்கு முன்னால் பேசிய சகோதரி, “பாசம் இருந்தாப் போதும், பக்குவம் தானா வந்துடும்” என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போனார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன், நடுவர் அவர்களே! அந்த நம்பிக்கைக்கு என் வீட்டில் ஓர் உயிர் பலியாகியிருக்கிறது.

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, “அப்பா, கிளி வளர்க்கணும்” என்றாள். நம்ம ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே ஒரு பறவைக் கடைக்குப் போய், “வேற என்ன இருக்கு?” என்று கேட்டேன். “சார், காக்டெயில் இருக்கு, வேணுமா?” என்றார் கடைக்காரர். “தம்பி, நான் தமிழ் வாத்தியார். அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது” என்றேன். (சிரிப்பு)

அப்புறம்தான் தெரிந்தது, அது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கொண்டைக் கிளியின் பெயர் என்று! “குஞ்சாவே எடுத்துட்டுப் போங்க சார். கையால ஊட்டினா உங்ககிட்டயே ஒட்டிக்கும்” என்றார். சரியாக இறகுகூட முளைக்காத இரண்டு குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் வாங்கி வந்தேன்.

வீட்டில் ராஜ உபசாரம்! “தாயில்லாப் பிள்ளைங்க, வயிறு வாடக் கூடாது” என்று என் மனைவி பசும்பாலில் ரொட்டியைக் கரைத்தாள். நான் இங்க் ஃபில்லரால் ஊற்றினேன். மூன்றாம் நாள் ராத்திரி ஒரு குஞ்சு வாயை மூடிக்கொண்டது. விட்டேனா? “கண்ணுல்ல, ஒரே ஒரு வாய்” என்று அலகைப் பிரித்து ஊற்றினேன். விடிந்து பார்த்தால் அது விறைத்துக் கிடந்தது.

என் மகள் அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “அது வேணாம்னுதானே வாயை மூடிச்சு... ஏம்ப்பா ஊத்தினீங்க?”

எதிரணி நண்பர்களே, பாசம் குறைந்ததாலா அந்தக் குஞ்சு செத்தது? பக்குவம் தெரியாததால் செத்தது! (கைதட்டல்)

மற்றொன்றைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். அவர் சொன்னார்: “சார், பசிச்சா குஞ்சு தலையை மேலும் கீழும் ஆட்டும். அப்பத்தான் மூச்சுக்குழல் வாய் மூடியிருக்கும், ஊட்டலாம். ஆட்டாதபோது ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடும். அப்புறம், பசும்பால் கூடவே கூடாது. பாலில் இருக்கிற சர்க்கரை பறவைக்குச் செரிக்காது.”

“புறா பால் கொடுக்குமே” என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுக்கிறார். கொடுக்கும் ஐயா! ஆண் புறாவும் கொடுக்கும், பெண் புறாவும் கொடுக்கும். (சிரிப்பு) ஆனால் அது தொண்டைக்குக் கீழே உள்ள தீனிப்பையில் ஊறுகிற தயிர் போன்ற ஊட்டம். அதையும் சில நாள்தான் தனியாகத் தரும். பிறகு தானியத்தைக் கலக்கும். அப்புறம் தானியத்தை மட்டும் தரும். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பாசம் புறாவுக்கும் உண்டு. ஆனால் எப்போது எதைக் கொடுப்பது என்கிற பக்குவமும் சேர்ந்திருப்பதால்தான் குஞ்சு பிழைக்கிறது!

குஞ்சுகளுக்கென்றே விற்கும் மாவை வெந்நீரில் கரைத்தோம். சூடு 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். ஆறிப்போனால் செரிக்காது. 43 டிகிரிக்கு மேல் போனால் தீனிப்பை வெந்துவிடும். காய்ச்சல் பார்க்கிற மாதிரி தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். தினமும் காலையில், பட்டினியோடு இருக்கும்போது எடை போட்டோம். முந்தின வேளைத் தீனி இறங்கியதா என்று பார்த்துத்தான் அடுத்த வேளை. தூங்குகிற இடத்தில் கதகதப்பு. குஞ்சு தேறியது.

ஏழெட்டு வாரம் ஆனபோது, கரண்டியைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. “நம்ம மேல கோபமோ?” என்றாள் என் மனைவி. மருத்துவர் சிரித்தார். “கோபமில்லம்மா, வளர்ந்துடுச்சு. தட்டில் தினையைப் போட்டு வையுங்க. கொஞ்சம் எடை குறையும், பயப்படாதீங்க. ஆனா தானாத் தின்னப் பழகுற வரைக்கும் ஊட்டுறதைச் சட்டென்று நிறுத்திடாதீங்க” என்றார்.

இதுதான் நடுவர் அவர்களே, பக்குவம்! நேற்று வரை ஊட்டிய கை, இன்று கொஞ்சம் பின்வாங்கத் தெரிய வேண்டும். சீக்கிரம் பின்வாங்கினால் பட்டினி, பின்வாங்கவே மறுத்தால் அது ஆயுள் முழுக்கக் குஞ்சு! (கைதட்டல்)

அந்த மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். விடுமுறைக்கு வந்தால், இன்னொரு தோசை போடப் போகும்போது தட்டின் மேல் கையை வைத்து மறிக்கிறாள். “ஒரே ஒண்ணும்மா” என்று வாய்வரை வரும். அன்று ராத்திரி நான் அதே வார்த்தையைச் சொல்லி ஊற்றியது நினைவுக்கு வரும். பேசாமல் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறேன்.

பாசம் ஊட்டச் சொல்லும். வேளையும் அளவும் சொல்வது பக்குவம். ஆகவே, வளர்ப்புக்குப் பெரிதும் தேவை பக்குவமே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)