ஒருவருக்கொருவர் மறைக்காதீர்கள்

(நமது பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற இளந்தம்பதியர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



"இல்லற இன்பம்" என்னும் தலைப்பில் பேசும்படி பொன்விழாக் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நல்ல தலைப்புதான். ஆனால் இல்லற இன்பத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல, மணமாகாத இந்தக் கிழவனை விடத் தகுதியானவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள். ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றைப் பேசுகிறேன். ஒரு குடும்பம், ஒரு மாதம். அந்த மாதத்தை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம்.

அந்தத் தம்பதியரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களின் சம்மதம் பெற்றே பேசுகிறேன். கணவருக்கு அப்போது வயது முப்பது இருக்கும். எண்ணூர்க் கழிமுகத்தில் வலை வீசிப் பிழைத்தவர். மனைவி திருவொற்றியூரில் ஒரு சிறிய தையல் கம்பெனியில் வேலை. கல்யாணமாகி இரண்டு வருஷம். அந்த டிசம்பரில் அந்தப் பெண்ணுக்கு மூன்றாம் மாதம்.

டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலின் மழை கொட்டிற்று. வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து, கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம் வரை படர்ந்தது. கரையோரச் செடிகளும், படகுகளும், வலைகளும் கறுப்பாயின. எண்ணெய் ஏறிய வலையைக் கழுவி எடுக்க முடியாது என்று மீனவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதிலே சிக்கும் மீனையும் யாரும் வாங்கமாட்டார்கள். அரசு பின்னர் நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட மீனவர் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000 ரூபாய். அது கைக்கு வரும் வரையில் அடுப்பு எரிய வேண்டுமே!

நம் தம்பி என்ன செய்தார்? ஆற்றிலே எண்ணெய் அள்ளும் வேலைக்குப் போனார். வாளியாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளிய மனிதர்களைப் பத்திரிகைப் படங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களில் இவரும் ஒருவர். அது முடிந்ததும், டிசம்பர் 18-ஆம் தேதி, ஒரு கான்ட்ராக்டர் மூலம் கன்டெய்னர் யார்டில் இரவு வேலை கிடைத்தது. மூட்டை இறக்கும் வேலை. வீட்டிலே சொன்னது என்ன தெரியுமா? "வாட்ச்மேன் உத்தியோகம், நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும்." இரண்டு வாரத்துக்குள் இரண்டு தொழில் மாறிவிட்டார். இதற்கு நடுவே, பத்தாம் தேதி வாக்கில் அவருக்கு இருமல் தொடங்கியிருந்தது. அதையும் சொல்லவில்லை. பிள்ளைத்தாய்ச்சியைக் கலங்க வைக்கக்கூடாது என்பது அவர் எண்ணம்.

அந்தப் பெண் என்ன செய்தாள்? அவளுடைய கம்பெனிக்குள்ளும் வெள்ளம் புகுந்து மெஷின்கள் கெட்டுப்போயின. டிசம்பர் 20-ஆம் தேதி, "பொங்கல் கழித்துப் பார்க்கலாம்" என்று முதலாளி அனுப்பிவிட்டார். அவளும் வீட்டில் சொல்லவில்லை. வழக்கம்போலக் காலையில் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு புறப்படுவாள். தோழியின் வீட்டில் உட்கார்ந்து, கிறிஸ்மஸ் ரவிக்கைகளைக் கூலிக்குத் தைத்துவிட்டு, மாலை ஐந்தரைக்குத் திரும்புவாள். பற்றாக்குறைக்குக் காதுத் தோட்டை அடகு வைத்தாள். "தோடு எங்கே?" என்று மாமியார் கேட்டதற்கு, திருகு தேய்ந்துவிட்டதென்று பத்தரிடம் கொடுத்திருப்பதாகச் சொன்னாள்.

பாருங்கள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர். இருவரும் நல்லவர்கள். இருவரும் மற்றவர் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அந்த அன்பின் பெயராலேயே இருவரும் நாள்தோறும் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்பு, பெரியகுப்பம் பக்கம் ஓர் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எண்ணூர் நெடுஞ்சாலைக்கு ஓடினார்கள். பலரை மருத்துவமனைகளில் சேர்க்க வேண்டியதாயிற்று. கிறிஸ்மஸ் வாரமானதால் நம் தம்பி அன்று வீட்டில் இருந்தார். ஈரத்துண்டை மனைவியின் முகத்தில் கட்டி, தாயாரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். பாலத்தருகே நின்று இருமியபோது, தம் துண்டில் ஒரு கோடு இரத்தத்தைப் பார்த்தார். துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அரசு மருத்துவமனையில் வைத்தியர் விசாரித்தார். எத்தனை நாளாக இருமல் என்று கேட்டு, மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளும்படி சீட்டு எழுதிக் கொடுத்தார். மனைவியிடம் இவர் சொன்னது, "கேஸ் அடித்ததால் வந்த இருமல், இரண்டு நாளில் போய்விடும்." சீட்டு சட்டைப்பையிலேயே கிடந்தது. எலும்புருக்கி நோயால் இறந்த தம் பெரியப்பாவின் நினைவுதான் அவருக்கு இரவெல்லாம்.

டிசம்பர் 31 ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருநாள். முதல் பூசை முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். பாவசங்கீர்த்தனத்துக்கு அல்ல, சும்மா பேசத்தான். நடந்ததையெல்லாம் சொன்னார். "சாமி, எனக்கு டி.பி. இருந்தா அவளையும் வயித்துல இருக்குற புள்ளயையும் மாமனார் வீட்டுக்கு அனுப்பிடணும். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். இரண்டாம் பூசை முடிந்ததும் அவள் வந்தாள். அவளுக்குத் துணி துவைக்கும்போது அந்தச் சீட்டு கிடைத்திருந்தது. "சாமி, அவருக்கு என்னமோ இருக்குது. என் வேலையும் போயிடுச்சி, தோட்டையும் வெச்சிட்டேன். இதெல்லாம் அவருக்குத் தெரிய வேணாம் சாமி, தாங்கமாட்டார்" என்று அழுதாள்.

நான் என்ன செய்வேன்? இரண்டு பேர் ரகசியமும் என் கையில். இருவருக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று. மாலை நான்கு மணிக்கு இருவரையும் பங்களா வராந்தாவுக்கு வரச் சொன்னேன். நடுவில் ஒரு ஸ்டூலும், அதன்மேல் இரண்டு டீயும் வைத்துவிட்டு, "தம்பி, நீ காலையில் என்னிடம் சொன்னதை இவளிடம் சொல். அம்மா, நீயும் சொல். நான் ஜெபமாலை சொல்லிவிட்டு வருகிறேன்" என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது டீ ஆறிக் கிடந்தது. அவள் கோபமாக இருந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். "மூணு வாரமா இருமிக்கினு ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொன்னாரு சாமி!" என்றாள். பிறகு அவரைப் பார்த்து, "நாளன்னிக்கு நானும் ஆஸ்பத்திரிக்கு வரேன்" என்றாள். எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

ஜனவரி 2-ஆம் தேதி இருவரும் சேர்ந்து போனார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள், சளி கொடுத்தார்கள். முடிவு வரும்வரை அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வந்த முடிவு, காசநோய் இல்லை என்பது. மூச்சுக்குழாய் புண்பட்டிருந்தது. எண்ணெய் ஆவி, மூட்டைத் தூசி, அதன்மேல் அன்றிரவு வாயு. பீடியை விட்டுவிட வேண்டும், தூசி வேலை கூடாது என்றார் வைத்தியர்.

அன்பர்களே, இல்லை என்று வந்ததால் நாம் மூச்சு விடுகிறோம். ஆம் என்று வந்திருந்தால்? அப்போதும் அது உலகத்தின் முடிவல்ல. இதை நம் சென்னை நகரமே உலகுக்குக் காட்டியிருக்கிறது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில், நெருக்கமான வீடுகளில் வாழும் ஏழை நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியினர் ஆஸ்பத்திரியில் படுத்து மருந்து எடுத்தார்கள், மற்றவர்கள் வீட்டிலிருந்தே எடுத்தார்கள். 1959-இல் வெளியான முடிவு உலகத்தையே வியக்க வைத்தது. வீட்டில் இருந்தவர்களும் அவ்வாறே குணமடைந்தார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் ஏற்படவில்லை. இன்றைக்குச் சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். நோய் காற்றின் வழியாகப் பரவுகிறது, தட்டு டம்ளரால் அல்ல. மருந்தில்லாமல் மறைத்துத் திரியும் நாட்களில்தான் அது வீட்டாருக்குப் பரவும் ஆபத்து மிகுதி. ஆக, அந்தத் தம்பி மனைவியைக் காப்பதாக எண்ணி மௌனமாயிருந்த மூன்று வாரமே, அவளுக்கு மிக ஆபத்தான வாரங்களாக முடிந்திருக்கலாம்.

இன்னொரு தம்பதியரையும் நினைத்துப் பார்க்கிறேன். சிறுமலர் குழந்தை தெரசம்மாளின் பெற்றோர் லூயி மார்ட்டினும் செலியும். பிரான்ஸ் நாட்டில் அலன்சோன் என்ற ஊரில் அவர் கடிகாரக் கடை வைத்திருந்தார். மனைவியின் லேஸ் பின்னல் தொழில் வளர்ந்தபோது, 1870-இல் தம் கடையை விற்றுவிட்டு மனைவியின் தொழிலுக்குத் துணையாக வந்துவிட்டார். அந்தக் காலத்து ஆண்பிள்ளைக்கு அது சிறிய காரியமா? ஆனால் அந்த வீட்டிலும் ஒரு துயரம் உண்டு. செலியம்மாள் தம் மார்பில் ஒரு கட்டி இருப்பதை 1865-லேயே உணர்ந்து, மருந்தாளுநரான தம்பிக்கு எழுதியிருந்தார். அதற்குச் சிகிச்சை ஏதும் நடக்கவில்லை. 1876 டிசம்பரில் வைத்தியரிடம் போனபோது காலம் கடந்துவிட்டது. அடுத்த ஆகஸ்டில் இறந்தார். தெரசம்மாளுக்கு அப்போது வயது நான்கு. 2015-இல் திருச்சபை இவ்விருவரையும் சேர்த்துப் புனிதர்களாக உயர்த்தியது. புனிதர் வீட்டிலும் வைத்தியரைத் தள்ளிப்போட்டால் இதுதான் நடக்கும்.

வேலை மாறுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலை போயிற்று என்று சொல்ல நம் இளைஞர்கள் வெட்கப்படுகிறார்கள். இந்த வட்டாரத்தில் அதற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது? 1983-இல் நம் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. முதுகில் மூட்டை சுமந்த எத்தனையோ பேருடைய வேலை அதனால் குறைந்தது. 1996-இல் பெரம்பூரில் பின்னி மில் மூடப்பட்டது. 2011-இல் நீதிமன்ற ஆணையால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. ராயபுரத்துக் கொடியில் காயும் துணிக்கு அது நல்லது, கரி இறக்கியவர்களின் அடுப்புக்கு அல்ல. 1970-இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் நம் தகப்பன்மார் வேறு தொழில் கற்றார்கள். வேலை போனது உங்கள் குற்றமல்ல. போனதை வீட்டில் சொல்லாமலிருப்பதுதான் குற்றம்.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, வீட்டில் ஒரே கணக்கு நோட்டு இருக்கட்டும். வரவும் செலவும், கடனும் அடகும் அதில் இருக்கட்டும். ஞாயிறு மாலை இருவரும் சேர்ந்து அதைப் பாருங்கள்.

இரண்டாவது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், சளியில் இரத்தம் வந்தால், மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும் இருந்தால், உடனே சளிப் பரிசோதனைக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள். இருவராகப் போங்கள். அம்மோனியா நெடி வந்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடி, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நடந்து விலகுங்கள். கண்ணை நிறையத் தண்ணீரால் கழுவுங்கள்.

மூன்றாவது, கான்ட்ராக்ட் வேலையானாலும் சம்பளச் சீட்டையும் இ.எஸ்.ஐ. எண்ணையும் கேட்டு வாங்குங்கள். இ.எஸ்.ஐ. திட்டம் பொருந்தும் இடத்தில் வேலை செய்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அந்த உரிமை உண்டு. சந்தா உரிய காலம் கட்டியிருந்தால், நோயில் படுத்த நாட்களுக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது வீதம், வருஷத்தில் 91 நாள் வரை கிடைக்கும். இதைக் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்மஸ் நடுச்சாமப் பூசையில் அந்தத் தம்பி இருமியதை நான் பீடத்திலிருந்தே கேட்டேன். பனிக்காலம் என்று நினைத்து, பூசைக்குப் பின் கேக் கொடுத்து அனுப்பினேன். ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீட்டுக்குள் மறைப்பது எவ்வளவு தவறோ, அடுத்த வீட்டாரைப் பார்த்தும் கேளாதிருப்பது அவ்வளவு தவறு. அன்பியக் கூட்டங்களில் ஜெபம் முடிந்ததும் ஐந்து நிமிஷம் ஒருவரையொருவர் நலம் விசாரியுங்கள்.

அந்தக் குடும்பம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். கழிமுகத்தில் மீன் முன்போல் இல்லை. அவர் அவ்வப்போது மட்டும் வலைக்குப் போகிறார், மற்ற நாளில் மினி லாரி ஓட்டுகிறார். அந்தப் பெண் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறாள். கடன் இன்னும் கொஞ்சம் உண்டு. தோடு மீட்டாயிற்று. 2024 ஜூன் கடைசியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானம் கொடுத்தது நான்தான். தண்ணீர் ஊற்றியபோது அது போட்ட சத்தத்தில், அதன் நுரையீரலுக்கு ஒரு குறையுமில்லை என்று கோவில் முழுவதும் அறிந்துகொண்டது.

திருமண நாளன்று பீடத்தின் முன் நீங்கள் வலக்கையைச் சேர்த்துப் பிடித்து, உடல்நலத்திலும் நோயிலும் பிரியோம் என்று வாக்குக் கொடுத்தீர்கள். நோய் இருப்பதையே சொல்லாவிட்டால் அந்த வாக்கை உங்கள் துணை எப்படி நிறைவேற்றுவார்? இன்று வீட்டுக்குப் போனதும், இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லுங்கள். டீ ஆறினால் ஆறட்டும்.

ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.