பள்ளிகளில் உணவுக் கல்வி

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்துள்ள இந்நன்னாளில், கல்வியைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு பணித்துள்ளனர். ஏட்டுக் கல்வியைப் பற்றி இம்மேடையில் பலர் பேசுவர். நாம் சோற்றைப் பற்றிப் பேச விரும்புகிறோம். நம் மக்களுடைய கல்வியின் வரலாறே சோற்றோடு பிணைந்த வரலாறுதான்.

1920 ஆம் ஆண்டில், சென்னை மாநகராட்சியின் தலைவராயிருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்கிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில், மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி வழங்க வழிசெய்தார். 1956 இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982 இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 1984 இல் அது 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கும் கிடைத்தபோது, தட்டேந்தி வரிசையில் நின்ற சிறுவருள் நாமும் ஒருவர். பின்னர் முட்டை வந்தது. 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்துள்ளது. அந்தச் சோறு இல்லையேல் இன்று இம்மேடையில் நாம் இல்லை.

பசியை விரட்டப் பள்ளிக்கூடம் துணை நின்றது. பசி இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. நம் பெண் பிள்ளைகள் பலர் இரத்தசோகையால் வாடுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆயினும் அதே தெருவில் வேறொரு பகையும் நுழைந்துவிட்டது. அது குழந்தைப் பருவத்து உடற்பருமன். 2025 இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கையின்படி, 5 முதல் 19 வயது வரையுள்ளோரில், உலக அளவில், எடை குறைந்தோரைவிட உடற்பருமன் உற்றோரின் விழுக்காடு முதன்முறையாக மிகுந்துவிட்டது.

"ஐயா, இது செல்வர் வீட்டு நோயன்றோ? நமக்கென்ன?" என்று சிலர் வினவக்கூடும். இவ்வினாவுக்கு விடை நம் சென்னையிலேயே உள்ளது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் 6 முதல் 17 வயது வரையுள்ள ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை ஆராய்ந்து 2016 இல் முடிவுகளை வெளியிட்டனர். மிகை எடையோ பருமனோ உடையவர்கள் தனியார் பள்ளிகளில் 21.4 விழுக்காடு, அரசுப் பள்ளிகளில் 3.6 விழுக்காடு. இவ்வெண்களைக் கண்டு மகிழ்ந்து அமைதியடைவது அறிவுடைமையாகாது. இவ்விரு பிள்ளைகளையும் பிரிப்பது பிறப்பன்று. கையில் புழங்கும் காசும், அக்காசு வாங்கித் தரும் பண்டமும், குறைந்துபோன ஓட்டமும்தான். நம் இளைஞர்கள் படித்து, வேலை பெற்று, பெருங்களத்தூரிலும் முடிச்சூரிலும் வீடு கட்டி, தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்புகின்றனர். அது நமக்குப் பெருமையே. ஆனால், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு நாம் கடந்துகொண்டிருக்கிறோம் என்பதை மறக்கலாகாது.

மேலும், நமக்கு இடர் சற்று மிகுதி. தாய் வயிற்றில் போதிய ஊட்டமின்றி, எடை குறைந்து பிறந்த குழந்தை, பிற்காலத்தில் விரைந்து பருத்தால், அதற்கு நீரிழிவு வரும் வாய்ப்புக் கூடுகிறது என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். தலைமுறைகளாகப் பசித்திருந்த மக்கள் இதனை ஆழ்ந்து எண்ண வேண்டும்.

நமது பள்ளியில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறோம். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் சத்துணவை உண்ணாமல் நாள்தோறும் பொட்டலத் தீனியும் வண்ணக் குளிர்பானமும் வாங்கி உண்பதைக் கண்டு, அவன் தாயை அழைத்தோம். வீட்டு வேலை செய்து பிழைக்கும் அம்மையார் அவர். "நாங்கதான் கூழும் கருவாடும் தின்னு வளந்தோம் சார். அதச் சொல்லியே கேலி பண்ணாங்க. என் புள்ளையாவது மத்தப் புள்ளைங்க திங்கறதத் திங்கட்டுமே" என்றார். நம்மால் உடனே மறுமொழி கூற இயலவில்லை. நாமும் சிறுவயதில் தூக்குச் சட்டியை மறைத்துவைத்துக் கூழ் குடித்தவர்தாமே!

நம் உணவை இழிவென்று கூறியது சாதி. அந்தச் சொல்லை நம்பி நாமே நம் உணவைக் கைவிட்டோம். உண்மை என்ன? 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே உண்டு. முருங்கைக் கீரையும், வேர்க்கடலையும், மீனும் ஏழையின் உணவு என்பதால் தாழ்ந்தவை ஆகா. இதனைப் பிள்ளைக்குப் பாடமாகச் சொல்லும்போது, அவன் உடலோடு மானமும் நிமிர்கிறது.

தண்ணீரையும் எண்ணிப் பாருங்கள். 1927 மார்ச் 20 ஆம் நாள், மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரை அள்ளிப் பருகினார். பொதுக் குளத்து நீரைப் பருகும் உரிமைக்காக நம் மக்கள் அடிபட்டனர். அவர்தம் வழிவந்த பிள்ளைகள் நீரை ஒதுக்கிவிட்டுச் சர்க்கரைக் கரைசலுக்குக் காசு கொடுக்கலாமா?

உணவுக் கல்விக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. நமது பள்ளியில் கணக்குப் பாடத்திலேயே அதனைத் தொடங்கினோம். குளிர்பானப் புட்டியின் மேலுள்ள எழுத்தை மாணவரே படித்தனர். 100 மில்லிக்குச் சர்க்கரை 11 கிராம் எனில், 300 மில்லிக்கு 33 கிராம். ஒரு தேக்கரண்டிக்கு 5 கிராம் எனக் கொண்டு, ஆறரைக் கரண்டிக்கு மேல் சர்க்கரையைக் கண்ணாடிக் குவளையில் கொட்டிக் காட்டினர். நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் அடங்குவது நலம் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. அதுவும் வளர்ந்தோர்க்கான கணக்கு. வகுப்பு அமைதியாயிற்று. நாம் ஒரு சொல்லும் அறிவுரை கூறவில்லை; குவளையே கூறிற்று. அந்த ஏழாம் வகுப்பு மாணவன்தான் கரண்டி பிடித்தவன். சில வாரங்களில் அவன் மீண்டும் சத்துணவு வரிசையில் நின்றான்.

ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். பருத்த பிள்ளையை ஒருபோதும் கேலி செய்யலாகாது. இழிசொல்லின் வலியை அறிந்த சமுதாயம் அதனைத் தன் பிள்ளைமீதே ஏவலாமா? பழக்கத்தைத் திருத்துவோம், பிள்ளையைப் புண்படுத்தோம்.

இளைஞர்களே! சங்கத்தின் மாலைநேர வகுப்புகளில் பிஸ்கட்டுக்கு மாற்றாகச் சுண்டலும் கொய்யாவும் கொடுங்கள். ஆண்டுக்கு இருமுறை உயரமும் எடையும் குறித்து வையுங்கள். மெலிந்தவரையும் பருத்தவரையும் ஒருங்கே கவனியுங்கள். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் மாணவர்க்கு விற்கலாகாது என 2020 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. ஆனால், வாயிலில் கடை வைத்திருப்பவரும் ஓர் ஏழைத் தாயே, அவரை விரட்டாதீர்கள். அவித்த கடலையும் நெல்லிக்காயும் விற்கச் சொல்லி, நீங்களே முதலில் வாங்குங்கள். மனைகளாகிவிட்ட நம் புறநகரில் எஞ்சியுள்ள விளையாட்டிடங்களைக் காத்து நில்லுங்கள்.

1928 இல் மருத்துவர் சவுரிமுத்து நம் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையை நிறுவியபோது, அந்நோயைக் கொல்லும் மருந்து உலகில் இல்லை. தூய காற்றும், ஓய்வும், நல்லுணவுமே அன்றைய மருந்து. இத்தகைய ஊரில் வாழும் நமக்கு உணவின் அருமையைப் பிறர் சொல்ல வேண்டியதில்லை.

சோறு நம்மைப் பள்ளிக்கு அழைத்து வந்தது. அப்பள்ளி, எச்சோற்றை எவ்வளவு உண்பது என்பதை இனி நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கட்டும். சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணிகளில் இதற்கும் ஓர் இடம் தருமாறு வேண்டுகிறோம்.