உப்புக்கறை போகட்டும், நம்ம மூச்சு போக வேண்டாம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்தில் கடன் கணக்கு பார்த்தோம். இன்னைக்கு நம்ம வேலையைப் பற்றிப் பேசலாம். ஊரப்பாக்கம், மண்ணிவாக்கம் பக்கமிருந்து நம்மில் நிறையப் பேர் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் அடுக்குமாடிகளுக்குத் துப்புரவு வேலைக்குப் போகிறோம். சில இடங்களில் நீச்சல் குளம் கழுவுவதும் நம்ம தலையில்தான். குளத்து டைல்ஸில் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் வெள்ளைப் பட்டை படியும். "ஒழுங்கா தேய்க்கலையா?" என்று கேட்பார்கள்.

அது நம்ம குறை இல்லைங்க. போர் தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்புச் சத்து அது. வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போகும், சுண்ணாம்பு டைல்ஸிலேயே தங்கிவிடும். வெந்நீர் போடுகிற பாத்திரத்தில் படிகிறதே, அதேதான்.

கறை போகலைன்னா நாம என்ன பண்றோம்? ஆசிட் ஊற்றுகிறோம். அதுவும் போதலைன்னு மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறோம். நம்ம உறுப்பினர் ஒருவர் மூடின குளியலறையில் இப்படித்தான் செய்தார். ஒரு நிமிஷத்தில் தொண்டை அடைத்து, கண் எரிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தார். நல்லவேளை, பிழைத்தார்.

அவர் சுவாசித்தது குளோரின் வாயு. 1915-ல் முதல் உலகப் போரில் எதிரிகளைக் கொல்லத் திறந்துவிட்ட அதே வாயு. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் அது கிளம்பும். வினிகரோடு சேர்ந்தாலும் கிளம்பும். ஆகவே எதையும் கலக்கவே கூடாது.

பிறகு கறையை எப்படி எடுப்பது? பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்குகிறோமே, அதே வழிதான். புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும்.

1. குளத்துத் தண்ணீரைக் கறைக்குக் கீழே இறக்கச் சொல்லுங்கள். டைல்ஸை முதலில் வெறும் தண்ணீரால் கழுவுங்கள்.
2. வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து, துணியில் நனைத்து, கறைமேல் ஒட்டி வையுங்கள். கால் மணி நேரம் பொறுங்கள்.
3. நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். கம்பி நார் வேண்டாம், டைல்ஸ் கீறிவிடும்.
4. மார்பிள், கடப்பா கல்லில் வினிகர் படக்கூடாது. அந்தக் கல்லே அரித்துப்போகும்.

பழைய கறை ஒரே நாளில் போகாது. வாரம் ஒருமுறை செய்தால் கறை தடிக்காது.

நெடி ஏறினால் வாளியை எடுக்க நிற்காதீர்கள். உடனே காற்றோட்டமான இடத்துக்கு வாருங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். மூச்சுத் திணறினால் 108-க்கு போன் செய்யுங்கள்.

கையுறையும் வினிகரும் வேலை கொடுப்பவர்தான் வாங்கித் தரணும். ஒருத்தி தனியாகக் கேட்டால், "நாளையிலேர்ந்து வராதே" என்று சொல்லிவிடலாம். குழுவாகப் போய்க் கேட்டால் அப்படிச் சொல்ல யோசிப்பார்கள். வட்டியைக் குறைக்கச் சொல்லி வங்கியில் சேர்ந்து பேசினவங்க நாம. இதையும் சேர்ந்தே பேசலாம்.

அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். யார் யார் எந்தக் கட்டடத்தில் பேசப் போகிறோம் என்பதையும் எழுதுங்கள்.