பாயிண்ட் கொடுத்துப் போதை விற்கலாமா?

(மகளிரணிக் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



சூப்பர் மார்க்கெட்டுல மளிகை வாங்கினா பாயிண்ட் ஏறும். சேர்ந்த பாயிண்டுக்கு அடுத்த மாசம் தள்ளுபடி. அரிசி, பருப்புக்கு அது சரி. சாராயத்துக்கு?

அயர்லாந்தில் சூப்பர் மார்க்கெட்டிலேயே மது விற்கிறார்கள். ஆனால் 2021 ஜனவரி 11 முதல் அங்கே மது வாங்கினால் பாயிண்ட் கிடையாது. சேர்த்து வைத்த பாயிண்டைக் கொடுத்தும் மது வாங்க முடியாது. மூன்று நாளுக்குள் முடிகிற அதிரடி விலைக்குறைப்பும் கூடாது. அடுத்த ஆண்டே, ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 10 சென்ட்டுக்குக் குறைத்து விற்கக் கூடாது என்றும் சட்டம் வந்தது.

ஏன்? ஆஃபர் போட்டா, ஒண்ணு வாங்க வந்தவன் ரெண்டு வாங்குவான். வாங்கினது வீட்டுல இருந்தா குடிக்காம இருப்பானா?

நம்ம ஊர்ல கதை வேற. விற்பதே அரசின் டாஸ்மாக். அங்கே பாயிண்ட் கார்டு இல்லை. ஆனா விளம்பரம்? டிவியில் மது விளம்பரத்துக்குத் தடை இருக்கு. அதே பெயரை சோடாவிலும் மியூசிக் சிடியிலும் ஒட்டி, வாசலை அடைச்சா ஜன்னல் வழியா வர்றாங்க. அதைப் பார்த்துத்தான் நம்ம பிள்ளைங்க வளருது.

அயர்லாந்து மது விற்பனையை நிறுத்தல. ஆசை காட்டுறதை நிறுத்துச்சு. அதையாவது இங்கே செய்யுங்கள்! வேறு பொருளின் பெயரில் வரும் மது விளம்பரத்துக்கு முழுத் தடை வேண்டும்.

உழைச்ச கூலி வீடு வந்து சேரணும். அதுக்காகத்தான் இந்தக் குரல். உங்கள் குரலும் சேரட்டும்!



#மறைமுக_மது_விளம்பரம்_வேண்டாம்